செப்பேட்டில் நிற்காத மெட்டு

திருப்பதியில் இசைக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. தேவஸ்தானம் 1959-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா இசை, நடனக் கல்லூரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. நாதஸ்வரத்துக்கும் டோலுக்கும் (தவிலை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தனிப் பாடசாலை உண்டு. அன்னமாச்சார்யாவின் சங்கீர்த்தனங்களைப் பதிப்பிக்கவும் பரப்பவும் 1978 முதல் தனித் திட்டமே நடந்துவருகிறது. மலைமேல் கோயிலுக்கு எதிரே நாத நீராஜன மேடையில் கச்சேரி நடக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்த பிறகு இந்த ஊரின் விடியலே அவர் குரலில்தான் என்றாகிவிட்டது; அவருக்கு நகரத்தில் சிலையும் வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் உள்ள ஊரில், ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளை ஒரு நாளில் எவ்வளவு நேரம் வாய்திறந்து பாடுகிறது? உறுதியாகச் சொல்லக்கூடியது தேசிய கீதம் மட்டும். அதற்கான நேரம் சுமார் 52 விநாடி. ஆண்டுக்கு 200 வேலை நாள் என்று கணக்கிட்டால் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. அதற்குமேல் கிடைப்பதெல்லாம் அந்த வகுப்பு ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்தைப் பொறுத்தது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களுக்கு மட்டும் உரிய குறையல்ல இது. வேலூரிலும் திருத்தணியிலும் நிலைமை வேறல்ல. ஆனால் திருப்பதியில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று பளிச்சென்று தெரிகிறது. கல்லூரியும் மேடையும் ஒலிபெருக்கியும் பெருகியிருப்பதால் வகுப்பறைக்குள் இசை தானாக வந்துவிடாது. கேட்கிற பழக்கம் வரும். செய்கிற பழக்கம் வராது. பெரும்பாலான பள்ளிகளில் இசை என்றால் ஆண்டு விழாவுக்கு ஆள் எடுப்பது என்றே பொருளாகிவிட்டது. குரல் நன்றாக இருக்கிற பத்துப் பேரைப் பொறுக்கி, ஒரு பாட்டை ஒரு மாதம் உருப்போட வைக்கிறோம். மீதி முப்பது பேர் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். அந்த முப்பது பேருக்கும் அன்றே ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது: இது உனக்கு வராது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றைத்தான். தொடக்கப் பள்ளியில் இசை என்பது எல்லாப் பிள்ளைகளும், தினமும், உடம்பாலும் காதாலும் சேர்ந்து செய்யும் விளையாட்டாகத் தொடங்க வேண்டும். சுரம் எழுதுவதும் வரிசை பாடுவதும் மேடையேறுவதும் அதற்குப் பின்னால் வரவேண்டியவை. இதற்கான கருவிகளும் முன்னுதாரணங்களும் இந்த வட்டாரத்திலேயே கிடக்கின்றன.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருக்கிற பள்ளிகளுக்கு. ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒருவரும் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். தமிழோ தெலுங்கோ கணக்கோ பாட்டோ, எல்லாம் அவர்கள் தலையில்தான். காது மிகக் கூர்மையாக வளர்கிற வயதில் இசை ஆசிரியர் கிடையாது, குரல் உடையத் தொடங்குகிற வயதில்தான் கிடைப்பார். இந்த வரிசை தலைகீழானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சட்டம் திருத்தப்படும் வரை காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போய்விடும். ஆகவே, சங்கீதம் படிக்காத வகுப்பு ஆசிரியரால் செய்யக்கூடிய இசை எது என்பதுதான் நடைமுறைக் கேள்வி.

அதற்குள் போவதற்கு முன், திருமலைச் செப்பேடுகளின் கதை ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். தாளப்பாக்கம் அன்னமாச்சார்யா (1408–1503) பாடியவை 32,000 என்பது மரபு. அவற்றில் 12,000-க்கும் மேற்பட்டவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு, கோயிலுக்குள் சங்கீர்த்தன பண்டாரம் என்னும் சிறிய அறையில் நூற்றாண்டுக்கணக்கில் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் அவை வெளியே வந்து, வேட்டூரி பிரபாகர சாஸ்திரி, ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்களின் உழைப்பால் அச்சேறின. சொற்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பாடலின் தலையிலும் ராகப் பெயரும் இருந்தது. ஆனால் எப்படிப் பாடுவது? சுரக்குறிப்பு இல்லை. ராள்ளபள்ளியும், பின்னால் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி, கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் போன்றவர்களும் மெட்டமைத்துத்தான் அவை மறுபடி பாட்டாயின. இன்று நாம் கேட்கும் அன்னமய்யா மெட்டுகள் பெரும்பாலும் நம் பாட்டன், தந்தை காலத்தவை. செம்பில் வெட்டிய எழுத்து ஐந்நூறு ஆண்டு நின்றது. பாடுகிற வாய்கள் குறைந்ததும் மெட்டு நிற்கவில்லை. இசையைப் பாதுகாக்க ஆவணமும் கல்லூரியும் வேண்டும்தான், ஆனால் அவை மட்டும் போதாது. ஊர் முழுக்கப் பாடிக்கொண்டிருக்க வேண்டும். ஊர் முழுக்கப் பாட வேண்டுமானால் பள்ளிப் பிள்ளை அத்தனை பேரும் பாட வேண்டும்.

அதே அன்னமய்யாவிடம் இன்னொரு சான்றும் கிடைக்கிறது. அவர் ஆழ்ந்த தத்துவப் பாடல்களோடு தாலாட்டும் பாடியிருக்கிறார். ஊஞ்சல் பாட்டு, கொப்பிப் பாட்டு, கோலாட்டப் பாட்டு, நெல் குத்தும் உலக்கைப் பாட்டு எல்லாம் அவர் தொகுப்பில் உண்டு. தெலுங்குத் தாய்மார் சோறூட்டும்போது நிலாவைக் கூப்பிட்டுப் பாடுகிற மரபும் அவருடைய சங்கீர்த்தனங்களில் இருக்கிறது. விளையாட்டிலும் வேலையிலும் பிறந்த தாளங்களைப் பெருங்கலைஞன் ஒருவன் கீழானவை என்று ஒதுக்கவில்லை. அவற்றின் மேல்தான் தன் கட்டடத்தை எழுப்பினான். குழந்தைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் கைதட்டு விளையாட்டும் வைத்து இசை சொல்லிக்கொடுக்கலாம் என்றால், அது சங்கீதத்தை மலிவாக்குவது என்று முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? தாளத்தில்தான். அதுவும் காலில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவில் எமில் ஜாக்-டல்க்ரோஸ் என்ற இசை ஆசிரியர், வாத்தியம் நன்றாக வாசிக்கிற மாணவர்களால்கூடக் காலப்பிரமாணம் பிசகாமல் இருக்க முடியவில்லை என்று கவனித்து, அவர்களை நடக்கவிட்டார். தாளம் உடம்பில் ஏறிய பிறகுதான் விரலுக்கு வரும் என்பது அவர் கண்டது. இதைப் பள்ளி முற்றத்தில் செய்வதற்கு எந்தச் செலவும் இல்லை. பிள்ளைகள் வட்டமாக நடக்கிறார்கள். ஆசிரியர் ஒரு கொட்டாங்குச்சியை இன்னொன்றின் மேல் தட்டுகிறார். தட்டுக்கு ஓர் அடி. தட்டு நின்றால் கால் நிற்க வேண்டும். தட்டு வேகமானால் கால் வேகமாக வேண்டும். நாலைந்து நாளில் இது பிடிபட்டுவிடும். அதன்பின் காலை அப்படியே விட்டுவிட்டு வாயில் சொற்கட்டு ஏற்றலாம். ஓர் அடிக்கு ஒரு சொல் என்று ‘தகதிமி’ நான்கு அடியில் முடிகிறது. அடுத்த சுற்றில் ஓர் அடிக்கு இரண்டு சொல். அதற்கடுத்து ஓர் அடியிலேயே ‘தகதிமி’ முழுவதும். கால் மாறவே இல்லை, வாய்தான் இரட்டிக்கிறது. சங்கீத வகுப்பில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைக்கும்போது பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்களோ, அந்த இடத்தை இங்கே விளையாட்டாகவே தாண்டிவிடுகிறார்கள். இரண்டாம் காலத்தில் பாட்டு வேகமாகிறது, தாளம் வேகமாவதில்லை என்பதை விளக்கிச் சொல்லி எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க முடியாது. நடந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும். ‘தகிட’ மூன்று, ‘தகதகிட’ ஐந்து, ‘தகிட’வும் ‘தகதிமி’யும் சேர்ந்து ஏழு என்று போனால், அங்கே கணக்கும் தானாக நடக்கிறது.

அடுத்த படி கோல். ராயலசீமைப் பக்கம் செக்க பஜனை என்று ஒன்று உண்டு. சலங்கைத் தகடு பொருத்திய சிறு மரக்கட்டைகளைக் கையில் வைத்துத் தட்டிக்கொண்டு, வட்டமாகவும் வரிசையாகவும் ஆடிப் பாடுவது. நம்மூர் சப்ளாக்கட்டையின் உறவு. கோலாட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. பிரம்மோற்சவ வாகனத்துக்கு முன்னால் குழுக்குழுவாக ஆடிச் செல்வதைப் பார்த்திருக்கலாம். சித்தூர் கிராமங்களில் திரௌபதி கோயில் பாரதத் திருவிழா வந்தால் பகலில் கதையும் இரவில் கூத்துமாக நாள்கணக்கில் தாளம் ஒலிக்கும். இதில் பழகிய பெரியவர்கள் எந்தப் பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்தில் கிடைப்பார்கள். வகுப்பறைக் கண்ணோடு பார்த்தால் இவற்றில் பின்னல் கோலாட்டம்தான் மிக அருமையானது. நடுவில் மேலிருந்து கயிறுகள் தொங்குகின்றன. ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாதிப் பேர் வலமாகவும் பாதிப் பேர் இடமாகவும், உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் என்று தாளத்துக்குத் தாண்டிப் போகப் போக மேலே பின்னல் விழுகிறது. பிறகு அதே அடிகளைத் திருப்பிப் போட்டுப் பின்னலை அவிழ்க்க வேண்டும். ஒரு பிள்ளை ஒரு தட்டுப் பிந்தினால் பின்னலில் அது முடிச்சாகத் தெரியும். ஆசிரியர் திட்ட வேண்டியதில்லை. தவறு எங்கே நடந்தது என்று பிள்ளைகளே மேலே பார்த்துக் கண்டுபிடித்து, பின்னோக்கி நடந்து சரிசெய்வார்கள். தாளம், வரிசைமுறை, பிறர்மீது கவனம், தவறைத் திருத்துதல் இத்தனையும் ஒரே ஆட்டத்தில் அமைந்திருக்கிற பாடத்தை நம் பாடநூல் குழுக்கள் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தாலும் எழுத முடியாது.

தாளம் ஊன்றிய பிறகு சுரம். இங்கே ஒரு கருத்து வேறுபாட்டை மறைக்காமல் பேச வேண்டும். புரந்தரதாசர் (1484–1564) வகுத்ததாகப் போற்றப்படும் பாடமுறை மாயாமாளவகௌளையில் தொடங்குகிறது. பயிற்சிக்கு அது சிறந்த ராகம். ச-வுக்கும் ம-வுக்கும் இடையே உள்ள அமைப்பே ப-வுக்கும் மேல் ச-வுக்கும் இடையே திரும்ப வருகிறது. ஆனால் அதில் ச-வை ஒட்டியே ரி நிற்கிறது, ப-வை ஒட்டியே த நிற்கிறது. இந்த நுண்ணிய இடைவெளிகளைப் பத்து வயதில் குருவின் எதிரே உட்கார்ந்து பழகலாம். ஆறு வயதில், நாற்பது பேர் கும்பலாகப் பாடும்போது அவை வழுக்கும். ஆகவே வகுப்பறைக்கு மோகனம் பொருத்தம் என்று நினைக்கிறேன். ச ரி க ப த என்ற ஐந்தே சுரம். அரைச் சுர இடைவெளி எங்குமே இல்லை. எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் வந்தாலும் காதுக்கு உறுத்தாது. பிள்ளைகள் தாங்களே சொற்றொடர் கட்டிப் பாடினாலும் பாட்டாகவே இருக்கும். பழந்தமிழ் முல்லைப்பண்ணை இன்றைய மோகனத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் குழந்தைகளுக்காக அமைத்த தட்டுவாத்தியங்களில் கட்டைகளைக் கழற்றி ஐந்து சுரம் மட்டும் விட்டுவைக்க வழி செய்ததும், ஹங்கேரியின் சோல்தான் கோடாய் தன் தொடக்கப் பாடங்களை ஐந்து சுரத்தில் அமைத்ததும் இதே காரணத்தால்தான்.

கோடாயைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் நமக்கு மிக நெருக்கமான முன்மாதிரி அவர்தான். பேலா பார்ட்டோக்கும் அவரும் கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தவர்கள். பிள்ளைக்கு இசை அதன் சொந்த ஊர்ப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டும், வாத்தியத்துக்கு முன் குரல் வர வேண்டும், எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்பது அவர் கொள்கை. 1950-இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் தினமும் பாட்டுப் பாடம் உள்ள தொடக்கப் பள்ளி திறக்கப்பட்டது. அவர் வழியில் இங்கிலாந்தின் ஜான் கர்வன் அமைத்த கை அடையாளங்கள் பயன்படுகின்றன; ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கை நிலை. இது நமக்குப் புதிதல்ல. சாமவேதம் ஓதுகிறவர்கள் கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுச் சுரம் காட்டுவார்கள். காத்ர வீணை என்று அதற்குப் பெயர். வகுப்பறையில் இன்னும் எளிதாகச் செய்யலாம். இடுப்பில் கை வைத்தால் ச. வயிற்றில் ரி, நெஞ்சில் க, தோளில் ப, தலையில் த, தலைக்கு மேலே கை தூக்கினால் மேல் ச. ஆசிரியர் கையைக் காட்ட, வகுப்பு பாடுகிறது. இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளை முன்னால் வந்து கையைக் காட்டும், மற்றவர்கள் பாடுவார்கள். அந்தப் பிள்ளை அன்று அந்த வகுப்புக்கு மெட்டமைப்பாளர்.

இன்னொரு விளையாட்டும் கோடாய் வழியில் உண்டு, மிகச் சிறியது, மிக ஆழமானது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்றைத் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் திடீரென்று விரித்த கையை மூடுகிறார். குரல் நின்றுவிட வேண்டும். தாளம் போடும் கை மட்டும் நிற்கக்கூடாது. பாட்டு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். கை மறுபடி விரிந்ததும் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே சுருதியில் வெளியே வர வேண்டும். முதல் நாள் ஆளுக்கொரு இடத்தில் வருவார்கள், சிரிப்பு வெடிக்கும். பத்தாம் நாள் நாற்பது பேரும் ஒரு சொல்லில் சேர்வார்கள். பாட்டை உள்ளுக்குள் கேட்கத் தெரிந்துவிட்ட பிள்ளைக்கு இசையின் வாசல் திறந்துவிட்டது.

இப்போது மறுப்புகளுக்கு வருவோம். சங்கீத வித்வான்களிடமிருந்து வரக்கூடிய முதல் கேள்வி: “இப்படிக் குதித்து விளையாடினால் சாதகம் எங்கே வரும்?” மதிக்க வேண்டிய கேள்வி இது. சித்தூர் மாவட்டத்துப் புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் கற்று, 1954-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்ற சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளை போன்றவர்களின் லய ஞானம் கும்மியடித்து மட்டும் வந்துவிடாது. ஆனால் நாம் பேசுவது வித்வானை உருவாக்கும் குருகுலம் அல்ல, எல்லாப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பறை. குழந்தை பேசிப் பழகிய பிறகுதானே அகரம் எழுதுகிறது? இசையில் மட்டும் வாய் பழகும் முன்பே எழுத்துக்கூட்ட வைக்கிறோம். புரந்தரதாசர் பெயரில் வழங்கும் வரிசைகளையே உற்றுப் பாருங்கள். ஜண்டை வரிசை சுரங்களை இரட்டிக்கும் ஆட்டம். அலங்காரம் ஒரே சுரக் கோவையை ஏழு தாளச் சட்டங்களுக்குள் மாற்றி மாற்றி அடுக்கும் புதிர். கட்டளை போலச் சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்து அந்த விளையாட்டுக் குணத்தை நாம்தான் தேய்த்துவிட்டோம். தாளமும் காதும் பழுத்து வரும் பிள்ளை வரிசைக்கு வரும்போது குருவுக்கு வேலை குறையுமே தவிர, கூடாது.

இரண்டாவது மறுப்பு ஆசிரியர்களுடையது: “எனக்கே பாட வராது, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?” இதற்கு விடை 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளிப் பக்கத்திலிருந்தே கிடைக்கிறது, அதுவும் இரண்டு விடைகள். முதலாவது 1919 பிப்ரவரியில் நடந்தது. மதனப்பள்ளி தியசாபிகல் கல்லூரிக்கு வந்து தங்கியிருந்த ரவீந்திரநாத் தாகூர் ஒரு மாலையில் தன் வங்கப் பாடல் ஒன்றைப் பாடினார். பொருள் தெரியாத மொழி. ஆனாலும் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள் என்று கல்லூரி முதல்வர் ஜேம்ஸ் கசின்ஸ் பதிவு செய்திருக்கிறார். அங்கேயே தாகூர் அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தார்; முதல்வரின் மனைவியும் இசை படித்தவருமான மார்கரெட் கசின்ஸ் அதற்குச் சுரக்குறிப்பு எழுதினார். அந்தப் பாட்டுத்தான் இன்று நம் தேசிய கீதம். கேட்டுத் திருப்பிப் பாடுவதற்கு மொழியும் தடையில்லை, முன்பயிற்சியும் தேவையில்லை என்பதற்கு இதைவிட ஒரு சான்று வேண்டியதில்லை. குழு முதலில் சேர்ந்துகொண்டது. சுரக்குறிப்பு அதன்பின் வந்தது.

இரண்டாவது விடை ரிஷி வேலி. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளியின் கிராமக் கல்வி மையம், சுற்றியுள்ள குக்கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தும்போது, பாடங்களைச் சிறுசிறு அட்டைகளாக உடைத்து ஏணிப்படிகளாக அடுக்கியது. ‘பெட்டிக்குள் ஒரு பள்ளி’ என்று அது பெயர் பெற்றது. அதைப் பார்த்துத்தான் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007–08-இல் தமிழ்நாடு முழுவதும் பரவியது. கற்றல் ஏணியும் கீழ்மட்டக் கரும்பலகையும் கம்பிப் பந்தலும் நம் ஆசிரியர்களுக்கு அப்படி வந்து சேர்ந்தவைதான். அந்த முறைமீது விமர்சனங்கள் உண்டு; ஆனால் அது நிரூபித்த ஒன்றை யாரும் மறுக்க முடியாது. ஆசிரியர் எல்லாம் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. படிகள் சரியாக அமைந்தால், சாதாரணக் கிராமத்து ஆசிரியரே பல வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் நடத்திச் செல்லலாம். இசைக்கும் அப்படி ஓர் ஏணி செய்யலாம். நடை, நிறுத்தம், இரட்டிப்பு, எதிரொலி, கை காட்டல், மௌனப் பாட்டு, சொந்த மெட்டு என்று படிகள். பாட வராத ஆசிரியர் முதல் பாதியைக் கொட்டாங்குச்சியோடு நடத்திவிடலாம். சுரம் வரும் இடத்தில் ஒரு சுருதிப் பெட்டியும் நன்றாகப் பாடும் இரண்டு பிள்ளைகளும் போதும்.

இங்கே ஆண் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. தேசிய கீதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் தனக்கு வசதியான இடத்தில் தொடங்குகிறார். பிள்ளைகள் சிலர் அவரைப் போலவே தொண்டையை அழுத்தி உறுமுகிறார்கள். சிலர் எட்டாத உயரத்துக்குப் போய்க் கத்துகிறார்கள். முடிவில் வரும் வெற்றி முழக்கம் மேல் ஷட்ஜம் வரை ஏறுவதால், தொடங்கிய இடம் தவறென்றால் அங்கே மொத்தமும் சிதறும். தொடங்கும் சுரத்தை ஆசிரியர் கொடுக்காமல், ஒரு பிள்ளை கொடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். தினமும் நடக்கிற 52 விநாடியே இப்படி ஒரு சுருதிப் பாடமாகிவிடும்.

பாடத்தான் யூடியூபும் பெரிய திரையும் வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். வகுப்பில் பாட்டைப் போட்டுவிட்டால் பிள்ளைகள் ஆடிப் பாடுகிறார்களே! ஆடுகிறார்கள், உண்மை. ஆனால் பதிவு செய்த பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. பிந்துகிற பிள்ளையை அது விட்டுவிட்டுப் போய்விடும். பிள்ளையின் குரலும் அந்தச் சத்தத்தில் அதன் காதுக்கே கேட்பதில்லை. தன் குரலைக் கேட்காமல் எந்தப் பிள்ளையும் சுருதி சேராது. நல்ல இசையைக் கேட்கச் செய்வதற்குக் கருவி உதவட்டும். பாடும் நேரத்தில் அணைத்து வைக்க வேண்டும்.

நேரம் எங்கே, மதிப்பெண் என்னாவது என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பலரும் சொல்லும் பதிலை நான் சொல்லப் போவதில்லை. பாட்டுப் படித்தால் கணக்கு வரும், மூளை கூர்மையாகும் என்று விளம்பரம் செய்கிறார்கள். 1993-இல் மொசார்ட் இசை பற்றி வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. சில நிமிடங்களே நீடித்த சிறு விளைவு அது. அதை நம்பி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998-இல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கக் கிளம்பினார். 2020-இல் ஜோவன்னி சாலா, பெர்னாண்ட் கோபெ இருவரும் ஏறத்தாழ ஏழாயிரம் குழந்தைகள் பங்கேற்ற 54 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒப்பீடு கறாராக இருந்த ஆய்வுகளில், இசைப் பயிற்சி பிற பாடத் திறனைக் கூட்டியது என்பதற்கு ஆதாரம் ஏறக்குறைய இல்லை. ஆகவே கணக்குக்கு டானிக் என்று சொல்லி இசையைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது; மதிப்பெண் கூடவில்லை என்றதும் அதைச் சொல்லியே வெளியே தள்ளிவிடுவார்கள். இசை வேண்டியது இசைக்காகவும், பிள்ளைகள் ஒன்றாகச் செய்ய அது தருகிற வாய்ப்புக்காகவும்தான். இரண்டாவதற்கு ஓரளவு சான்று உண்டு. லைப்சிக்கில் செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் டொமாசெல்லோ இருவரும் நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரை இணை இணையாக விளையாட விட்டு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து பாடியாடிய இணைகள், பாட்டில்லாமல் அதே விளையாட்டை ஆடியவர்களைவிடப் பிறகு ஒருவருக்கொருவர் அதிகம் உதவினார்கள். நேரத்தைப் பொறுத்தவரை, சட்டம் தொடக்க வகுப்புகளுக்குக் கேட்பது ஆண்டுக்கு 800 மணி நேரக் கற்பித்தல். தினம் 15 நிமிடம் இசைக்கு ஒதுக்கினால் 50 மணி நேரம், அதாவது பதினாறில் ஒரு பங்கு. உணவு இடைவேளைக்குப் பின் பிள்ளைகள் தூங்கி வழியும் நேரத்தில் வைத்தால் அந்தப் பங்கும் வேறெந்தப் பாடத்தையும் தின்றதாகாது.

திருப்பதி வட்டாரத்தில் இன்னொரு கேள்வியும் நியாயமாக எழும். இங்கே இசை என்றாலே பக்தி. அரசுப் பள்ளியில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நகரியிலும் சத்தியவேட்டிலும் சித்தூரிலும் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, உருது பேசும் பிள்ளை ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். யார் பாட்டை, எந்த மொழியில் பாடுவது? தாளத்தில் தொடங்குவதன் அருமை இங்கேதான் தெரியும். ‘தகதிமி’ எந்த மதத்துக்கும் எந்த மொழிக்கும் சொந்தமில்லை. கை காட்டிப் பாடும் ச ரி க-வும் அப்படியே. அந்தப் பொது நிலத்தில் ஓராண்டு பழகிய பிறகு, ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் பாட்டி பாடுகிற தாலாட்டையோ விளையாட்டுப் பாட்டையோ கொண்டுவரட்டும். தெலுங்குக் கைதட்டுப் பாட்டைத் தமிழ்ப் பிள்ளையும், தமிழ் அம்மானையைத் தெலுங்குப் பிள்ளையும் பாடும். அன்னமய்யாவை ஒதுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவரும் இந்த மண்ணின் பாட்டுக்காரர், அவருடைய தாலாட்டும் நிலாப் பாட்டும் மற்ற பாட்டுகளோடு அந்தக் கூடைக்குள் வரலாம்.

கடைசியாக, ‘சுருதியே சேராத பிள்ளை’. எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள். அவர்களை வாயசைக்க மட்டும் சொல்லுகிற வழக்கம் பரவலாக இருக்கிறது. இதைவிடக் கொடுமை இசை வகுப்பில் வேறில்லை. சுரபேதம் கேட்கவே இயலாத பிறவிக் குறை உள்ளவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்குக் காதும் தொண்டையும் சேர்ந்து வேலை செய்யக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஏழு வயதில் தடுமாறுகிற பிள்ளை ஒன்பது வயதில் சேர்ந்துவிடும், நடுவில் யாரும் வாயை அடைக்காவிட்டால்.

இதையெல்லாம் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், கார்வேட்டிநகரத்தைச் சொல்வேன். பதங்கள் பாடிய சாரங்கபாணியை ஆதரித்த பழைய சமஸ்தானம் அது. இன்று அங்கே மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தொடக்கப் பள்ளிக்குப் போகப்போகும் ஆசிரியர்கள் இரண்டாண்டு படிக்கிறார்கள். திருப்பதி இசைக் கல்லூரி மாணவர்களை ஒரு பருவம் அங்கே அனுப்பலாம். பயிற்சி ஆசிரியர்களோடு சேர்ந்து அவர்கள் சுற்றுப்பட்டுத் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பெடுக்கட்டும். ஒருவருக்குச் சுரம் தெரியும், இன்னொருவருக்குப் பிள்ளைகளைத் தெரியும். ஒரு பருவத்தில் இருபது விளையாட்டுகளைச் சோதித்து, நின்றதை வைத்துக்கொண்டு நில்லாததை எறிந்துவிட்டு, அட்டைகளாக எழுதிவிடலாம். தெலுங்கிலும் தமிழிலும் உருதிலும் எழுதினால் எல்லைக்கு இந்தப் பக்கம் திருத்தணிப் பள்ளிகளுக்கும் பயன்படும். தேர்வு வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். ஆய்வாளர் வந்து பார்க்கும்போது யார் நன்றாகப் பாடுகிறார்கள் என்று கேட்காமல், வகுப்பில் எத்தனை பேர் தாளம் பிசகாமல் நடக்கிறார்கள் என்று பார்க்கட்டும். ஆண்டு விழாவுக்கு அந்த வகுப்பு என்ன செய்யும் என்று தலைமையாசிரியர் கேட்பார். நாற்பது பேரும் கோல் எடுத்துக்கொண்டு மேடை ஏறட்டும். மேடை கொள்ளாது என்றால் முற்றத்தில் ஆடட்டும். பாட்டை அவர்களே பாடட்டும். ஒலிபெருக்கியில் போட வேண்டாம்.